வேற கம்பெனி புத்தகம்

"இதைத்தான் ஆடணும்னா நீ தனியா ஆடிக்க லா, சேது!"

தனபாலன் அந்த மெல்லிய புத்தகத்தை மேசையில் வீசினான். பகடைகள் சிதறி ஓடின. அவன் தங்கை ரமணி குனிந்து பொறுக்கினாள்.

அது எண்பத்தாறாம் வருஷம். மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தாயில் தனபாலன் வீட்டுச் சமையலறையில் ஞாயிறு மத்தியானம் ஆனால் மூவரும் கூடிவிடுவார்கள். ஆட்டத்தில் தனபாலன் வாள்வீரன். ரமணி மந்திரக்காரி. செம்பனை ஆலையில் வேலை பார்க்கும் சேதுதான் கதை சொல்பவன். காடு, குகை, பூதம் எல்லாம் அவன் வாயிலிருந்து வரும். வாள் படுமா, தப்புமா என்பதைப் பகடை சொல்லும்.

ஆட்டப் பெட்டியை அனுப்பியது சேதுவின் அக்கா கலாவதி. இங்கிலாந்துக்கு நர்ஸ் படிப்புக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. பெட்டியோடு வந்த கதைகள் தீர்ந்துபோயின. அதே ஆட்டத்துக்கென்று வேறு கம்பெனிகள் போடும் துணைப் புத்தகங்கள் என்று இரண்டை இப்போது ஒரு கடிதத்தோடு அனுப்பியிருந்தாள்.

'ரெண்டும் நல்லா இருக்கும்னு கடைக்காரர் சொன்னார். பிடிச்சதை ஆடுங்க. எதை எடுத்தீங்கன்னு மறக்காம எழுதுங்க.'

ஒன்று கனமான புத்தகம். பளபளக்கும் அட்டையில் சிவப்பு டிராகன். இன்னொன்று டைப் அடித்து, போட்டோஸ்டெட் எடுத்து, ஸ்டேப்ளர் அடித்தது. உள்ளே இருந்த வரைபடமும் அதிலிருந்த பெயர்களும்கூடக் கையால் போட்டவைதான்.

ஒரு கதையைத் தொடங்கினால் ஆறு மாதம் ஓடும். தனபாலனுக்கு இருந்ததே ஆறு மாதம். ஜனவரியில் பாசிர் கூடாங் கப்பல் பட்டறையில் வேலைக்குச் சேர வேண்டும். மூவரும் சேர்ந்து ஆடப்போகும் கடைசிக் கதை இது.

"போறதுக்குள்ள ஒரு டிராகனைக் கொல்லணும்னு கேக்குறேன். அது தப்பாடா?"

"தப்பில்ல. ஆனா அந்த டிராகன் நம்ம ஆளுங்களுக்கு ரொம்பப் பெரிசு. மொத வாரமே செத்துப்போயிடுவோம்."

"செத்தா சாவோம்! இதுல என்ன இருக்கு? கம்பெனி பேருகூட இல்ல. ரமணி, நீ சொல்லு."

ரமணி தயங்கினாள். "சேதுண்ணே, கோவிச்சுக்காதீங்க. எனக்கும் டிராகன்தான்."

"ரெண்டுக்கு ஒன்னு. முடிஞ்சுது லா."

"கதை சொல்றவன் நான். இதைத்தான் சொல்வேன்."

சேது இப்படியெல்லாம் பேசுகிறவனே இல்லை. தட்டில் கடைசி பிஸ்கட் இருந்தால்கூட அடுத்தவர் பக்கம் தள்ளிவிடுகிற ஆள்.

"பாத்தியா ரமணி? தோட்டத்து மண்டோர் மாதிரி உத்தரவு போடறான்! ஊரை விட்டுப் போறவன் நான். எனக்காக ஒரு தடவை விட்டுக் குடுத்தா என்ன கொறஞ்சுபோகும்?"

 சேது புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"ஒரு பக்கமாவது படிங்கண்ணே. கேட்டுட்டு முடிவு பண்ணுவோம்" என்றாள் ரமணி.

சேது ஆங்கிலத்தைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொன்னான்.

"ஆத்தைத் தாண்டினா ஒரு குகை. வாசல்ல பனைமர உசரத்துக்கு ஒரு பூதம். கையில இரும்புத் தடி. மூணு பேரையும் பாத்துட்டு எந்திரிச்சு வருது. வந்து கேக்குது..."

"என்ன கேக்குது?"

"சாப்டீங்களான்னு கேக்குது."

தனபாலனுக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. "நீயா சேத்துக்கிட்டது!"

"இல்லடா, நீயே பாரு. கீழ விதியும் போட்டிருக்கு. பசியோட சண்டை போட்டா பகடையில ரெண்டு கொறையும். அதனால பூதம் சோறு போட்டுட்டுத்தான் தடியைத் தூக்கும்."

"அடிக்க வர்ற பூதம் சோறு போடுமா? எந்த வெள்ளைக்காரன்டா இப்படி எழுதுவான்?"

ரமணியும் சிரித்தபடி புத்தகத்தை வாங்கிப் புரட்டினாள். வரைபடம் இருந்த பக்கத்தில் கை நின்றது. பக்கத்தில் கிடந்த கலாவதியின் கடித உறையை எடுத்து அதன்மேல் வைத்துப் பார்த்தாள். அவள் சிரிப்பு நின்றுபோயிற்று.

"அண்ணே, இந்தக் கையெழுத்து..."

சேது தலையாட்டினான். "பார்சலைப் பிரிச்ச அன்னிக்கே தெரியும். எனக்கு ஏ பி சி டி எழுதக் கத்துக்குடுத்த கை."

தனபாலன் உறையைப் பார்த்தான். வரைபடத்தைப் பார்த்தான்.

"ஏன்டா மொதல்லயே சொல்லல? அக்கா எழுதினதுன்னு தெரிஞ்சா நான் வாயைத் தொறந்திருப்பேனா?"

"அதுக்குத்தான் சொல்லல. அக்காவும் அதுக்குத்தான் பேரு போடல. பாவம் பாத்து எடுக்கக் கூடாது, பிடிச்சு எடுக்கணும்னு நினைச்சிருக்கு."

"வேலை, படிப்புக்கு நடுவுல இதையும் எதுக்கு உக்காந்து எழுதுது?"

"ஒவ்வொரு கடிதத்துலயும் ஆட்டத்துல என்ன ஆச்சுன்னு கேக்கும். யாரு ஜெயிச்சா, யாருக்கு அடி பட்டுச்சுன்னு நானும் எழுதுவேன். பெட்டியை வாங்கி அனுப்பினதே அதுதான். ஆனா ஒரு நாள்கூட நம்மகூட உக்காந்து ஆடினதில்ல."



தனபாலன் தான் வீசியதில் மடங்கிப்போன பக்கத்தை உள்ளங்கையால் நீவிவிட்டான்.

"ம், சொல்லு. பூதம் என்ன சோறு போடுது?"

அன்று இருட்டும்வரை ஆடினார்கள். ஆட்டம் முடிந்து, அக்காவுக்குப் பதில் எழுத சேது பேனாவை எடுத்தான். தனபாலன் அதைப் பிடுங்கிக்கொண்டு தானே எழுதினான்:

'கலாக்கா, டிராகன் புத்தகத்தை மூணு பேருமே வேணாம்னு வச்சுட்டோம். சின்னப் புத்தகத்தை எழுதினது எந்த வெள்ளைக்காரன்னு தெரியல. கடையில விசாரிச்சு, அடுத்த பாகத்தையும் சீக்கிரமா எழுதச் சொல்லுங்க.'