ஆறு மணி அறிவித்தல்

“சேவை இல்லை” என்றது திரை.

அவன் காரை இன்னும் பத்தடி முன்னால் விட்டான்.

“சேவை இல்லை.”

“உன்ர தலை,” என்றான், வானொலியைப் பார்த்து.

கார் வாங்கி ஒன்பது நாள். யாரோ ஓட்டிய கார்தான். டிஜிட்டல் வானொலி இருக்கிறது, பக்கத்தில் இருந்து பேசுவதுபோலக் கேட்கும் என்று சொல்லித்தான் தலையில் கட்டினார்கள்.

பேசினால்தானே கேட்க.

லண்டனின் அந்த மூலைக்கு இருப்பதே ஒரு தமிழ் வானொலி. சின்ன நிலையம். டிஜிட்டலில் மட்டும் வரும். கைபேசியில் கேட்கும் வசதியைச் சித்திரையோடு நிறுத்திவிட்டார்கள். வீட்டில் இருக்கும் பழைய வானொலிப் பெட்டி அதை எடுக்காது.

ஆறு மணிக்கு மரண அறிவித்தல்.

அப்பாவின் அறிவித்தல்.

செய்தி மத்தியானம்தான் வந்தது. தம்பி சொல்லி அல்ல. மனைவி சுகந்தினி மீன்கடையில் நின்றபோது, தெரிந்த பெண் ஒருத்தி கையைப் பிடித்துக் கேட்டிருக்கிறாள்: “உங்கட மாமாவெல்லே மோசம் போனது? றேடியோவில ஆறு மணிக்குப் போகுதாம்.”

அப்பா இருந்தது தம்பியோடு. எட்டு மைல் தூரம். பதினொரு வருடமாக அவன் அந்த வாசலை மிதிக்கவில்லை. தம்பி மகள் பெரியவளான சாமத்தியவீட்டு அழைப்பிதழில் சொந்தக்காரர் எல்லோர் பெயரும் இருந்தது. மூத்த அண்ணன், அவன் பெயர் மட்டும் இல்லை. மறந்துபோச்சு என்றார்கள்.

அண்ணனை மறப்பானாம்!

மரண அறிவித்தலில் பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். மூத்தவன் அருள்நேசன் பெயர் முதலில் வரவேண்டும்.

வந்தால் செத்தவீட்டுக்குப் போவான்.

வராவிட்டால், ஊராரில் ஒருவன் மாதிரிப் பின்வரிசையில் போய் நிற்க அவனால் முடியாது. அப்பாவாக இருந்தாலும் முடியாது.

அதைக் கேட்டு சுகந்தினி கோப்பையை நங்கென்று வைத்தாள்.

“நேர போங்கோவன்! பெத்த தேப்பனைப் பாக்க றேடியோக்காரனிட்டையோ அனுமதி கேக்கிறியள்?”

அவன் கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

வீட்டு வாசலில் சேவை இல்லை. பெட்ரோல் நிலையத்தில் சிக்னல் ஒரு கோடு வந்தது, அறிவிப்பாளர் “நேயர்களே” என்றார், போய்விட்டது. பள்ளிக்கூடத்து மேட்டில் அரைப் பாட்டு. பாலத்தடியில் அதுவும் இல்லை.

பழைய வானொலி என்றால் இரைச்சலுக்குள்ளும் ஒரு சொல், இரண்டு சொல் பிடிக்கலாம். இதற்கு அந்த இரக்கமெல்லாம் கிடையாது. வந்தால் முழுசாக வரும். இல்லையென்றால் ஒன்றுமேயில்லை.

கடைசியில் கடைத்தொகுதியின் கார் தரிப்பிடம். ஐந்தாம் மாடி, மொட்டை மாடி.

ஐந்து கோடு!

நேரம் ஐந்தரை தாண்டியிருந்தது. இயந்திரத்தை நிறுத்தினான். வானொலியை மட்டும் ஓட விட்டான்.

நகைக்கடை விளம்பரம் கேட்டான். அரிசி விளம்பரம் கேட்டான். ராசிபலன் கேட்டான். அவனுடைய மகர ராசிக்கு இன்று நன்மையாம். நாசமாய்ப் போக.

கோடு குறையக்கூடாதென்று ஆடாமல் அசையாமல் இருந்தான்.

ஆறு மணி. நாதசுரத்தில் ஒரு சோக இசை.

“கரவெட்டியைப் பிறப்பிடமாகவும், லண்டனை வதிவிடமாகவும் கொண்ட பொன்னுத்துரை வேலாயுதபிள்ளை அவர்கள்...”

அப்பாவின் முழுப்பெயரை யாரோ ஒரு பெண் நிதானமாக வாசித்தாள். மத்தியானத்திலிருந்து உறைக்காதது அப்போது உறைத்தது. அப்பா இல்லை.

“அன்னார், காலஞ்சென்ற நாகம்மாவின் அன்புக் கணவரும்...”

இனிப் பிள்ளைகள்.

திரை இருண்டது.

இயந்திரம் ஓடாமல் அரை மணி நேரம் ஆனால், பற்றரியைக் காப்பாற்ற வானொலி தானாகவே நின்றுவிடுமாம். ஒரு வரி ஆங்கிலத்தில் அதைச் சொல்லிவிட்டு மறைந்தது.

“ஐயோ! இப்பவோ?”

திறப்பைத் திருகினான். முதல் தரம் பிடிக்கவில்லை. இரண்டாம் தரம் பிடித்தது.

நிலையங்களைத் தேடுகிறது. நான்கு சதவீதம்.

“தேடு, தேடு, கெதியாத் தேடு...”

முப்பது.

ஸ்டியரிங்கில் ஓங்கி அடித்தான். ஹோர்ன் அலறியது. தள்ளுவண்டியோடு போன வெள்ளைக்காரக் கிழவர் திரும்பிப் பார்த்தார்.

எழுபத்தெட்டு.

நூறு.

சேலைக்கடை விளம்பரம். பக்கத்தில் இருந்து பேசுவதுபோலத்தான் கேட்டது.

அவன் வானொலியை அணைத்தான். சரி. போவதில்லை. இதை யாரிடம் போய்க் கேட்பது, என் பெயரைச் சொன்னார்களா என்று? கேட்டால் ஊரே கைகொட்டிச் சிரிக்கும்.

கைபேசி அடித்தது. தெரியாத எண். வெட்டினான்.

மறுபடி அதே எண்.

“ஆர்?” என்றான் எரிச்சலோடு.

“அருள்நேசனோ, தம்பி?” வயதான குரல். “நான் சபாநாதன். அப்பாவோட தபால்கந்தோரில ஒண்டா வேலை செய்தனான். இப்பதான் றேடியோவில கேட்டன். தொடர்புக்கெண்டு முதல் உங்கட பேரையும் நம்பரையும்தான் சொன்னவை.”



தம்பிக்குத் தெரிந்த எண் அது; பதினொரு வருடமாக அவன் மாற்றாமல் வைத்திருந்தது.

“நல்ல மனுசன் தம்பி, உங்கட அப்பா. கிரியை விபரம் மூத்த மகனிட்டைக் கேக்கட்டாம். எண்டைக்குச் செய்யிறியள்? எத்தினை மணிக்கு எடுக்கிறியள்?”

அவனுக்குத் தெரியாது.

கண்ணாடிக்கு வெளியே மழை தூறத் தொடங்கியிருந்தது. கிழவர் தள்ளுவண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்.

“தம்பி? லைனில நிக்கிறியளோ?”

“ஓம். கேட்டுச் சொல்லுறன், ஐயா,” என்றான்.

கேட்பதற்குத் தம்பி ஒருவன்தான் இருந்தான்.