மாமாவின் குடலேற்றம்

இருந்தவர்கள்: பாயில் மல்லாந்து என் மனைவியின் வாப்பா, மீரா முகைதீன் மாமா. தலைமாட்டில் மாமி உம்மு குல்சூம். கதிரையில் பள்ளிவாசல் தலைவர் செய்னுலாப்தீன் ஹாஜியார். சுவரோரம் றஹ்மா, மாமாவின் மௌத்தாகி அடங்கிய அண்ணன், காக்காவுடைய மனைவி. வாசல்படியில் நான், மாமாவைச் சிலாபத்துக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுத்த குற்றவாளி.

அஸர் தொழுத கையோடு வந்த ஹாஜியார் விசாரணையைத் தொடங்கினார்.

"என்னவாம் டொக்டர்?"

மாமா முந்திக்கொண்டார். "சின்னப் பொடியன் ஹாஜியார். கையால தொட்டுப் பாக்கத் தெரியாம மெசின வெச்சித் தடவுறான்."

எல்லோரும் சிரித்தார்கள்.

நுரைச்சோலையிலிருந்து கற்பிட்டி வரைக்கும் குடல் பார்ப்பவர் மாமாதான். தொண்ணூறில் முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரிலிருந்து வெறுங்கையோடு வந்தார். அந்தக் கையே சோறு போட்டது. வயிற்றுவலி என்று வருகிறவரைப் படுக்கவைத்துத் தொப்புளில் பெருவிரலை ஊன்றுவார். துடிப்பு அங்கே இருக்க வேண்டும். விலகித் துடித்தால் குடல் ஏறிவிட்டது. எண்ணெய் தடவி, அமத்தி உருவி, துடிப்பை இடத்துக்குக் கொண்டுவருவார்.

ஏறாத குடல் ஒன்றை அவர் கண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இப்போது அவருக்கே தொப்புளுக்கு மேலே துடித்தது. சட்டைக்கு வெளியாலும் தெரிந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்.

டொக்டர் சிங்களத்தில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். இதயத்திலிருந்து வயிற்றுக்குள் இறங்கும் பெரிய இரத்தக்குழாய். அதன் சுவரில் அழற்சி. பீடிப் புகையில் புண்பட்ட சுவரைத் திருத்த உடம்பு தன் அணுக்களை அனுப்புகிறது. வந்தவை வேலை முடிந்தும் போவதில்லை. அங்கேயே தங்கிச் சுவரின் நார்களை அரிக்கின்றன. மெலிந்த சுவர் ஒவ்வொரு துடிப்புக்கும் கொஞ்சம் வீங்குகிறது. ஒருநாள் வெடிக்கும்.

மையத்து விழுந்த வீட்டுக்கு உதவிக்கு வந்து, நாற்பதாம் நாள் கத்தம் முடிந்தும் போகாமல், வீட்டையே தின்று முடிக்கும் சொந்தக்காரர் மாதிரி என்று நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

இதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை. ஹாஜியார் மட்டும் கையை நீட்டி, மாமி தேத்தண்ணிக்கு வைத்த தட்டிலிருந்து இன்னொரு பணிஸை எடுத்தார்.

"அழற்சி என்டா சூடுதானே. எளநி குடிங்க, எறங்கிடும்" என்றார், வாய் நிறைய.

மாமி ஏற்கெனவே வெந்தயம் ஊறப்போட்டிருந்தார். இந்த வீட்டில் எந்த வருத்தமும் வெந்தயத்தைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போனதில்லை. மாமாவையே மயக்கம் வந்து விழுந்த பிறகுதான் என்னால் தூக்கிக்கொண்டு போக முடிந்தது.

நாளைக் காலையில் கொழும்பில் சேர்க்க வேண்டும். ஒப்பரேசன் செய்தால் பிழைப்பார். போக வாடகை வான் ஒன்றும் பேசியிருந்தேன்.

"அதுவரைக்கும் ஆரும் வயித்த அமத்தவோ உருவவோ கூடா" என்றேன். "வெடிச்சா சிலாபத்துக்கே போய்ச்சேர ஏலா."

மாமா முழங்கையை ஊன்றி நிமிர்ந்தார். "இந்தக் கரை முழுக்க நான் உருவாத வயிறு இல்ல. எவன்ட வயிறு வெடிச்சிச்சி? சொல்லுங்களன் மருமகன், கேப்பம்."

ஹாஜியார் தொடையில் தட்டிச் சிரித்தார். மாமியும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

இந்தக் கூட்டத்துக்கு மொழிபெயர்த்தது என் பிழை. ஆனாலும் மிச்சம் ஒன்று இருந்தது. அதையும் சொல்லித் தொலைத்தேன்.

"காக்கா தம்பிமாருக்குள்ள வாற வருத்தமாம். குடும்பத்துல வேற ஆருக்கும் இருந்திச்சா என்டு டொக்டர் கேட்டார். மாமா ஒருத்தருக்கும் இல்ல என்டுட்டார்."

றஹ்மா அப்போதுதான் மாமாவைப் பார்த்து வாய் திறந்தார்.

"அப்ப ஒங்கட காக்காட வயித்துல துடிச்சதும் இதானா, தம்பி?"

குரலில் கோபம் இல்லை. அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

காக்காவுக்கும் தொப்புளுக்கு மேலேதான் துடித்தது. மாமாதான் உருவிவிட்டார். எண்ணெய்க் கையைக் கிணற்றடியில் கழுவிவிட்டு வருவதற்குள் காக்கா வெளுத்துப்போய்க் கிடந்தார். மாரடைப்பு என்றார்கள். அன்றே அடக்கினார்கள்.

ஹாஜியார் பணிஸை மெல்லுவதை நிறுத்தினார்.

மாமா ஓம் என்றால் நாளைக்குக் கொழும்பு. ஓம் என்றால் காக்காவைக் கொன்றது யார் என்பதும் முடிவாகிவிடும்.

மாமா றஹ்மாவைப் பார்க்கவில்லை. பாயிலிருந்து எழும்பி, சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"அவருக்குக் குடல் ஏறினது மதினி. எனக்கும் அதுதான்" என்றார். "நானே எறக்கிக் காட்டுறன்."

எண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார். வேண்டாம் மாமா என்று நான் படியிலிருந்து பாய்ந்தேன்.

கதவு சாத்தப்பட்டது. உள்ளே சாவி திரும்பியது.