டேஷ்போர்டில் ஒரு வட்டம்

தனப்பிரியா பழைய கார் ஒன்றை வாங்கி, சங்ககிரியில் இருக்கும் என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். டேஷ்போர்டில் யாரோ முன்பு ஒட்டியிருந்த பிள்ளையார் சிலையை அவர் பிடுங்கிய இடத்தில் வட்டமாகப் பசை நின்றிருந்தது. இருபது வருடமாக லாரிக்குப் பெயிண்ட் அடிப்பவன் நான். கைப்பழக்கத்தில் தின்னரை ஊற்றித் துடைத்தேன். பசை போனது, கூடவே பிளாஸ்டிக்கும் வெளுத்து உரிந்தது. தப்பு என்னுடையது. தேய்த்து, பிரைமர் கொடுத்து, கறுப்பு அடித்துக் கொடுத்தேன்.

மறுநாளே வந்து நின்றார். அதே இடத்தில் அதே வட்டம். விரல் வைத்தால் ஒட்டியது. மறுபடி அடித்தேன். மறுபடி வந்தது. வீட்டில் எதையோ ஒட்டிப் பிடுங்கிவிட்டு என் மேல் பழி போடுகிறார் என்று கோபம் தலைக்கேறியது.

மூன்றாம் முறை அடித்து, காரைப் பட்டறையிலேயே பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போனேன். காலையில் அவர் வந்த பிறகுதான் கதவைத் திறந்தேன். வட்டம் இருந்தது.

உப்புத்தாளை வீசி எறிந்தேன். "என்ற வேலையச் சோதிக்கறீங்களா? அந்தச் சிலையக் கொண்டாங்க. அங்கயே ஒட்டித் தொலைக்கறேன்."

"அதுக்கு எங்கீங்க போறது? கார் எடுத்த அன்னைக்கே பரமத்தி வேலூர் பாலத்துல நின்னு காவேரில உட்டுட்டனுங்களே," என்றார்.

ஆத்திரம் தீராமல் வட்டத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தேன். விரலில் ஆற்று மணல் ஒட்டிக்கொண்டு வந்தது. ஈரமாக இருந்தது.