கொக்கி விழும் சத்தம்

சனிக்கிழமை காலை நான், டெய்லர், நர்ஸ் என நாங்கள் மூன்று நண்பர்களும் மேய்ச்சல் நிலங்கள் வழியாக நடந்துகொண்டிருந்தோம். மாடுகள் வெளியேறிவிடாமல் இருக்க அங்கே வேலிக்கு வேலி ஒரு மரக்கதவு உண்டு. நான்கு கதவுகளைத் தாண்டிய பிறகுதான் டெய்லருக்குச் சுருக்கென்றது.

"ஐயையோ, ஒரு கதவக்கூட சாத்தாம வந்துட்டோமே!"

அது எப்போதும் எங்கள் நான்காவது நண்பன் ஆமையின் வேலை. நடை அப்படி என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். கடைசியாக வந்து, கதவைச் சாத்தி, கொக்கி போடுவான். போன ஜனவரியில் அவனை அடக்கம் செய்தோம்.

டெய்லர் திரும்பி ஓடிப் பார்த்துவிட்டு வந்தான். "சாத்தியிருக்கு. கொக்கியும் போட்டிருக்கு." வழியில் ஈ காக்கா இல்லையாம்.

ஐந்தாவது கதவை வேண்டுமென்றே திறந்துபோட்டுவிட்டு நடந்தோம். இருபதடி போயிருப்போம். பின்னால் கொக்கி விழும் சத்தம் கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு ஏனோ மனசு நிறைந்துவிட்டது.

முதலில் நடையைக் குறைத்தவள் நர்ஸ்தான்.

"மேடு வருது, மெதுவாப் போங்கப்பா. அவனுக்கு மூச்சு வாங்கும்."

பாதி மேட்டில் மூவரும் நின்று, தாகமே இல்லாமல், நிதானமாகத் தண்ணீர் குடித்தோம்.