ஆளுக்குப் பாதி

"ஏமாத்திட்டாங்க. மொத்த ஊரும் சேர்ந்து நம்மளை ஏமாத்தியிருக்கு."

டாக்டர் ஹென்ரிக் ரத்தப் பரிசோதனை முடிவுகளை மேசைமேல் விட்டெறிந்தார். நர்ஸ் கும்பிசே பொறுக்கி எடுத்துப் பார்த்தாள்.

மலாவி ஏரிக்கரையில் நடக்கும் ஆய்வு அது. எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு, வயிற்றுப் பிள்ளைக்கு நோய் ஒட்டாமல் தடுக்கும் மாத்திரை. மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு மாத்திரை. மருந்தைக் குறைந்த நாள் கொடுத்தாலே போதுமா என்று, பிறக்கிற பிள்ளைகளை வைத்துக் கணக்குப் பார்ப்பார்களாம். யாருக்கு எது என்று ஹென்ரிக்கின் நாட்டிலிருக்கும் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் தெரியும்.

இப்போது எல்லார் ரத்தத்திலும் மருந்து இருந்தது. எல்லாரிடமும் அரைகுறையாக.

பெண்கள் ஒளிக்கவும் இல்லை. எல்லா டப்பாவையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்து சமமாகப் பங்கு போட்டோம் என்றார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து களி தின்கிற ஊர். அவர்களிடம் போய்த் தனித்தனி டப்பாவைக் கொடுத்தால் வேறென்ன நடக்கும்?

"ஊரையே ஆய்விலேர்ந்து நீக்கிடு. டப்பாவெல்லாம் திரும்ப வரணும்" என்றார் ஹென்ரிக். "ஆரம்பிச்சு வச்சவ எனெலேசி. அவளுக்குப் போனது நிஜ மாத்திரை. இப்பதான் தகவல் வந்தது. முட்டாள்."

இதே நோய்க்கு இரண்டு பிள்ளைகளை மண்ணுக்குள் வைத்தவள் எனெலேசி. இது மூன்றாவது.

ஏரிக்கரையில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தவளைக் கும்பிசே போன வேகத்தில் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கு வந்தது நிஜ மருந்துடி. பேசாம முழுங்கியிருந்தா இந்தப் பிள்ளையாவது தங்கும். எதுன்னே தெரியாம அள்ளிக் கொடுத்துட்டு நிக்கிறியே."

எனெலேசி மீனைப் புரட்டிப் போட்டாள்.

"தெரியும் சிஸ்டர். முதல் நாளே எனக்குக் குமட்டுச்சு. பக்கத்து வீட்டு லிசினெட்டுக்கு ஒண்ணுமே செய்யல. அப்பவே புரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சேவா கொடுத்தே?"

"என் புள்ள ஓடி விளையாடுறத அவ வெறும் மடியோட உக்காந்து பாக்கணுமா? அப்படிப் பாத்தவ நான்."

அதைக் கேட்ட பிறகும் கும்பிசே டப்பாக்களை வாங்கிக்கொண்டுதான் திரும்பினாள். வேலை அப்படி.

"உங்க ஊர்லயும் பாதிப் பேருக்கு மாவுதானா டாக்டர்?" என்று கேட்டாள்.

"அங்கே எல்லாருக்கும் நிஜ மருந்துதான். இது வேலை செய்யும்னு தெரிஞ்சப்புறம் மாவைக் கொடுத்தா என்னை ஜெயில்ல போட்டுடுவாங்க."

கும்பிசே நீக்கல் படிவத்தை எடுத்தாள். ஊர்ப் பெயரை எழுதினாள்.

"காரணம்னு என்ன போடட்டும் டாக்டர்?"

"நேர்மை இல்லாதவங்கன்னு போடு."