பார்த்தவர்கள் எண்ணிக்கை

மாதம் பாதிகூட ஆகவில்லை, ரெட்டியார்பாளையம் கம்பெனி சர்வரின் அந்த மாதத்து டேட்டா அளவான பேண்ட்வித் அத்தனையும் கரைந்து, வாடிக்கையாளர்களின் இணையதளங்கள் எல்லாம் படுத்துவிட்டன. யார் எந்தப் பக்கத்தைத் திறந்தார்கள் என்று காட்டும் லாகைப் புரட்டிய கம்பெனி ஊழியன் அறிவுமதிக்குக் காரணம் கிடைத்தது. ஒரு தொண்டு நிறுவனத்தின் தளத்துக்கு சர்வரில் இலவசமாக இடம் கொடுத்திருந்தார்கள். அதில் பெரிய போட்டோ வைத்த ஒரே பக்கத்தை, கோரிமேட்டு பிரவுசிங் சென்டரிலிருந்து யாரோ ஓயாமல் திறந்துகொண்டிருந்தார்கள்.

"எவனோ வேலவெட்டி இல்லாதவன் சார்."

"நேர்ல போய்ப் பாரு. ஒரே ஆளுதான்னா அந்தப் பக்கத்தையே தூக்கிடு" என்றார் முதலாளி ஜானகிராமன்.

திட்டுவதற்கு வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு போனான் அறிவுமதி. சென்டரில் வேட்டி கட்டிய ஒரு பெரியவர் ஒற்றை விரலால், பக்கத்தைத் திரும்பத் திறக்கும் ஒரே விசையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"என்னா பெரியவரே, அதையே தட்டிக்கிட்டிருக்கீங்க?"

பெரியவர் திரும்பாமல், திரையின் அடியில் இருந்த எண்ணைக் காட்டினார்.

"எத்தினி பேரு பாத்திருக்காங்கன்னு இதுல தெரியுமாம். சென்டர் தம்பி சொல்லிக் குடுத்துச்சி. ஒவ்வொரு வாட்டி தட்டுறப்பவும் ஒரு ஆளு கூடிப்போவுது பாரு. ஊரு ஒலகமே எம்புள்ளயத் தேடுது தம்பி. யாரு கண்ணுலயாவது படாமலா போயிடுவான்?"

எண்ணுக்கு மேலே, மீசை அரும்பிய ஒரு பையனின் படம். படத்துக்கு மேலே, 'காணவில்லை'.

அறிவுமதியின் செல்போன் அடித்தது.

"என்னாய்யா, ஒரே ஆளுதானா?"

பெரியவர் தட்டினார். எண் ஒன்று ஏறியது.

"இல்ல சார்" என்றான் அறிவுமதி, அவருக்கும் கேட்கும்படி. "நெறய பேரு பாக்குறாங்க."