சின்னதா, பெருசா?

"ஹார்லன், உன் காலித் தோட்டாவுக்குச் சின்ன பிரைமர்தான்டா சேரும். எங்கிட்ட இருக்கிறதெல்லாம் பெருசு. அடுத்த வாரம் வா."

முதலாளி டெல்பர்ட் கூசாமல் சொன்னதைக் கேட்டு நோரீனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

வயோமிங்கில் அந்தத் துப்பாக்கிக் கடைக்கு அவள் வேலைக்கு வந்து நாலு நாள்தான் ஆகிறது. நேற்று இதே ஹார்லனிடம், "உனக்குப் பெருசு வேணும், எங்கிட்ட சின்னதுதான் இருக்கு" என்று கையை விரித்தவரும் இதே டெல்பர்ட்தான்.

தோட்டாவின் அடியில் பதிக்கிற அந்தக் குட்டி வெடிமூடி, இரண்டு அளவிலும் கவுண்டருக்கு அடியில் பெட்டி பெட்டியாக இருந்தது.

ஹார்லனுக்கு எழுபது வயதிருக்கும். சுட்ட தோட்டாவின் கூட்டில் மறுபடி வெடிமருந்து அடைத்து, வீட்டிலேயே தோட்டா தயார் செய்துகொள்கிற ரகம். சட்டைப்பையிலிருந்து காலித் தோட்டா ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாப்பத்தஞ்சு துப்பாக்கிக்கு நான் எப்பவும் பெருசுதானே போடுவேன்?"

"அது பழைய கூடு. இப்ப வர்ற கூட்டுல அடி ஓட்டை சின்னது."

"சின்னதா? அப்படியா?"

போன் மணி அடித்தது. டெல்பர்ட் உள்ளே போனார்.

நோரீனுக்கு மனசு கேட்கவில்லை.

"ஐயா, அதைக் கொஞ்சம் காட்டுங்க."

தோட்டாவின் அடியில் பெரிய பிரைமர் ஒன்றை வைத்துப் பார்த்தாள். அளவெடுத்துச் செய்தது போல் இருந்தது.

"உங்களுக்குப் பெருசுதான். பிரைமர் தகடு கெட்டியா வேணுமா, மெல்லிசா?"

"மெல்லிசு குடும்மா. என் துப்பாக்கில ஸ்பிரிங் கொஞ்சம் தளர்வு, அடி பலமா விழாது. கெட்டியானதப் போட்டா 'டிக்'னு சத்தம்தான் வரும், வெடிக்காது."

என்ன தெளிவான பேச்சு! இவரைப் போய் அலையவிடுகிறாரே!

பில்லைப் போட்டு ஒரு பெட்டியைக் கையில் கொடுத்தாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

கதவு மூடிய சத்தம் கேட்டு டெல்பர்ட் வெளியே வந்தார்.

"என்ன குடுத்தே?"

சொன்னாள். மனுஷர் தொப்பியைக்கூட எடுக்காமல் வெளியே ஓடினார். நோரீன் திறந்த கதவருகே நின்று பார்த்தாள்.

ஹார்லன் வண்டியில் ஏறப்போனார். டெல்பர்ட் பெட்டியைப் பிடித்துக்கொண்டார்.

"திருப்பிக் குடுடா. அந்தச் சரக்கு சரியில்லையாம்."

"முப்பது வருஷ சிநேகிதம்! நீ இப்படிப்பட்ட புளுகன்னு இன்னிக்குத்தான்டா தெரியுது! இனிமே உன் கடை வாசப்படி மிதிச்சா என்னை என்னன்னு கேளு!"

புழுதி பறக்க வண்டி போய்விட்டது. டெல்பர்ட் பெட்டியோடு உள்ளே வந்து, அதை மறுபடி கவுண்டருக்கு அடியில் வைத்தார்.

"இது நல்லா இல்லைங்க" என்றாள் நோரீன். வேலை போனாலும் போகட்டும் என்று துணிந்துவிட்டாள். "வயசானவரை ஒரு நாள் சின்னதுங்கறீங்க, ஒரு நாள் பெருசுங்கறீங்க. வித்துட்டதைப் பிடுங்கிட்டு வேற வர்றீங்க. எனக்கு ஒண்ணுமே புரியலை."

டெல்பர்ட் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஏப்ரல்ல ஒரே கூட்டுல ரெண்டு தடவை வெடிமருந்து கொட்டிட்டான். கையிலேயே துப்பாக்கி வெடிச்சுது. விரல் தப்பினது பெரிய காரியம். டாக்டர் மூளையப் படம் எடுத்துப் பார்த்துட்டு, மறதி நோய்னுட்டார். துப்பாக்கி, தோட்டா செய்யற மெஷின் எல்லாத்தையும் அவன் பொண்ணு எடுத்துட்டுப் போயிட்டா. அதையும் மறந்துட்டுத் தினம் இங்க வந்து பிரைமர் கேக்கறான்."

"அதை அவர்கிட்டயே சொல்லிடலாமே?"

"சொன்னேன். அதோ, அந்த ஜன்னலோரம் நின்னு சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். மறுநாள் சிரிச்சுக்கிட்டே வந்து பிரைமர் கேட்டான். ஒருநாள் நான் இல்லாதப்ப, உனக்கு முன்னாடி இங்க இருந்த பையன் பெட்டியக் குடுத்துட்டான். வீட்டுக்குப் போயி மெஷினைத் தேடி, காணோம்னு பொண்ணுக்குப் போன் போட்டு, அவ சொல்ல, அன்னிக்கும் அதே அழுகை."

நோரீன் அந்த ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள்.

டெல்பர்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"என்னைப் புளுகன்னு திட்டினா, நாளைக்கு அது அவனுக்கு மறந்துடும்மா. உண்மையச் சொன்னா, அதைத் தினம் தினம் புதுசா கேக்கணுமே அவன்!"